முதல் மழைப் போத்தல்

அவர் வாயிலிருந்து ‘ஏறக்குறைய’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், நாங்கள் எல்லாரும் ஒரு மணித்தியால ஓட்டம் என்போம். அவர், “எந்த இடத்திலேருந்து எந்த இடத்துக்கு?” என்று திருப்பிக் கேட்பார். பிளேன்டீக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்ட கடைக்காரரிடம், “முதல்ல கரண்டியக் காட்டுங்க” என்றவர். இப்படியொரு மனிதரை ஏற்றிக்கொண்டு கிழமைக்கு ஒருநாள் வீதம் மூன்று வருஷம் ஓட்டோ ஓட்டியவன் நான். என் பொறுமையை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

ஊர் அவருக்கு வைத்த பெயர் போத்தல் காக்கா. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்களுக்கு நானா. தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சின்னப் பிள்ளையாக, உடுத்த உடுப்போடு மன்னாரை விட்டு வந்தவர். புத்தளத்திலேயே வளர்ந்து புத்தளத்திலேயே கலியாணம் முடித்தும் அந்தக் ‘காக்கா’ மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. என்னைவிட மூன்று வயதுதான் மூப்பு. போத்தல் என்றதும் யாரும் வேறு விதமாக நினைக்க வேண்டாம். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். அவருடைய போத்தல்களில் இருந்தது மழைத் தண்ணீர்.

கடற்கரையோரத்துப் புகைபோக்கிகளிலிருந்து எழும்புகிற புகையும் தூசியும் காற்றில் ஏறிப்போய்க் காட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் அவருடைய வேலை. கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் எலுவன்குளத்துக்கு அப்பால், வில்பத்துக் காட்டின் ஓரத்தில், எட்டு மரங்களுக்குக் கீழே எட்டுப் புனல்கள் நட்டிருந்தார்கள். காட்டை வெட்டிப் பயிர் செய்கிற, மரமே இல்லாத ஒரு சேனை நிலத்தில் ஒன்பதாவது. ஒவ்வொரு புனலுக்குக் கீழும் ஒரு போத்தல். மழை பெய்யாத மாதங்களில் காற்றிலுள்ள தூசியை மரம் தன் இலைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை வந்து அந்த இலைகளைக் கழுவினால் அழுக்கெல்லாம் போத்தலுக்குள் இறங்கும். வெளியில் நிற்கும் ஒன்பதாவது போத்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காடு எவ்வளவு அழுக்கை வாங்கியிருக்கிறது என்று தெரியும். இதை எனக்கு விளங்கப்படுத்த அவருக்கு ஒரு பயணம் போதுமாயிருந்தது. நான் நம்புவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

இந்தக் கரையில் புகைபோக்கி ஒன்றல்ல. எதிலிருந்து எவ்வளவு வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லக்கூடியவராக இருந்த ஒரே மனிதரின் வாயை அடைத்தவன் நான்தான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது அரைகுறை.

அவருடைய சட்டங்கள் பெரிய சட்டங்கள். வியாழக்கிழமைகளில் அத்தர் பூசக்கூடாது, முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது. அவருக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். ஓட்டோவைக் காட்டுப் பாதையில் அரை மைல் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். ஓட்டோவின் புகை புனலில் பட்டால் எந்தத் தூசி எங்கேயிருந்து வந்தது என்று எப்படித் தெரியும் என்பார். அந்த அரை மைலும் போத்தல்கள் அடுக்கிய ரெஜிபோம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்போம். மரத்தடிக்குப் போனதும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்து, தன் உடம்புத் தூசி புனலில் விழாதபடி எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டுதான் போத்தலைக் கழற்றுவார். அப்போது அவர் பேசமாட்டார். என்னையும் பேச விடமாட்டார். எச்சில் தெறிக்குமாம்.

புதுப் போத்தலை மாட்டுமுன் சுத்தத் தண்ணீரால் மூன்று தரம் அலசுவார். நான் ஒருமுறை கடைத்தெருவில், “இவர் போத்தலுக்கும் ஒளு எடுக்கிறவர்” என்று சொல்லிவைத்தேன், தொழுமுன் கைகால் கழுவுகிற அந்த ஒளுவை. அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அவர் காதுக்கும் போனது. அடுத்த கிழமை ஓட்டோவில் ஏறியதும், “ஓம் தம்பி, ஒளு மாதிரித்தான். ஒரு சொட்டு நஜீஸ் பட்டாலும் திரும்ப எடுக்கணும்” என்றார். கோபமே இல்லை. அவரைக் கேலி செய்வதில் உள்ள கஷ்டம் அதுதான்.

எப்படி அளப்பது என்று சொல்கிற கையேடு வட நாட்டுப் பனிக்காடுகளில் எழுதப்பட்டது. படங்களில் ஊசியிலை மரங்கள், முழங்கால் அளவு பனி, அதற்குள் நட்ட புனல்கள். பனி உறைந்தால் என்ன செய்வது, மான் முட்டினால் என்ன செய்வது என்று அதில் பக்கம் பக்கமாக இருந்தது. குரங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் குரங்குகள் முதல் மாதத்திலேயே நான்கு புனல்களைப் பிடுங்கிக்கொண்டு போயின. பிறகு யானை வந்து இரண்டைத் தரைமட்டமாக்கியது. கொழும்புக்கு அனுப்புகிற கொப்பியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம் உண்டு. அதில் அவர் ஒளிக்காமல் எழுதினார்: ‘குரங்கு.’ ‘யானை.’ ‘நான் மூடியைச் சரியாக இறுக்கவில்லை.’

குருவி எச்சம் விழுந்த போத்தல்தான் எனக்குக் கண்ணீர் வரவைத்த போத்தல். இரண்டு மாதம் மழையே இல்லாமல், கலா ஓயா ஆறே மணலாகக் கிடந்த காலத்தில், ஒருநாள் ஒரு சின்னத் தூறல். மூன்றாம் நம்பர் பாலை மரத்துக்குக் கீழே மட்டும் அரைப் போத்தல் சேர்ந்திருந்தது. அந்தப் புனலின் ஓரத்தில் குன்றிமணி அளவு வெள்ளை எச்சம். நான் பேனைக் கத்தியை எடுத்துச் சுரண்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். போத்தலைக் கழற்றினார், மரத்தடியில் கவிழ்த்து ஊற்றினார். கொப்பியில் எழுதினார்: ‘எச்சம். விட்டேன்.’

அவருடைய மனைவி ஒரு நாள் என்னிடம் சொன்ன விஷயம் இது. மன்னாரில் விட்டுவிட்டு வந்த காணிகளுக்கு விண்ணப்பம் எழுதுகிற நேரம். புத்தளத்து அகதி முகாமில் எல்லாரும் நான்கை ஆறு என்றும் ஆறைப் பத்து என்றும் எழுதினார்களாம். எப்படியும் பாதியைத்தான் தருவார்கள், அதனால் இரண்டு மடங்காகக் கேள் என்பது முகாம் நியாயம். இவர் தன் வாப்பாவின் காணியை மூன்று ஏக்கர், அதில் இரண்டு பேர்ச் குறைவு என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பேர்ச், வேலிச் சண்டையில் பக்கத்துக் காணிக்காரருக்கு விட்டுக்கொடுத்ததாம். “சின்ன வயசில வந்த மனுஷன். அந்த ரெண்டு பேர்ச்ச மட்டும் எப்படி ஞாபகம் வச்சிரிந்தாரோ அல்லாவுக்குத்தான் தெரியும்” என்று தலையில் அடித்துக்கொண்டார். “இவருக்கு ஒண்டக் கூட்டிச் சொல்லவும் வராது, குறைச்சிச் சொல்லவும் வராது. நான்தான் இவரோட பட்டினி கிடந்து சாகணும்.” காக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து போத்தல் மூடிகளைக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் நம்பர் மரத்தடியில் வேலை முடிந்ததும் சில நாட்களில் சற்று நேரம் நின்று வடக்கே பார்ப்பார். காட்டைத் தவிர அங்கே ஒன்றும் தெரியாது. “இந்தக் காட்ட நேரா வெட்டிக்கொண்டு போனா எங்கட ஊர் தம்பி. அங்கேருந்து வந்த எங்களுக்கு இங்க வாறதுக்கு எத்தின நாள் எடுத்த. இந்தப் புகை ஒரு பகல்ல அங்க போயிரும்” என்றார் ஒருமுறை. எத்தனை நாள் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணித்தியாலக் கணக்கோடு சொல்லியிருப்பார், அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

இனி என் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். அவள் கலியாணம் முடித்துக்கொண்டு போனது கடற்கரையோரத்து ஊர். மிளகாயும் சின்ன வெங்காயமும் போடுகிற மணல் பூமி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றடிக்கிற மாதங்களில் அவள் வீட்டு யன்னல் படியில் விரலால் பெயர் எழுதலாம். காலையில் துடைத்தால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் திரும்பவும் எழுதலாம். அவளுடைய மகளுக்கு அப்போது ஆறு வயது. மூச்சு முட்டு. காற்றடிக்கிற மாதங்களில் பிள்ளை படுத்துத் தூங்கமாட்டாள், தாயின் தோளில் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். மூச்சு மருந்து பம்ப் ஒன்றைக் கழுத்தில் நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடுகிறதை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது வருஷம், ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது காக்காவைத் தங்கச்சி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“காக்கா, நீங்க படிச்ச மனுஷன். என்ட புள்ளட வருத்தம் இந்தத் தூசியாலதானே? ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னீங்க எண்டு நான் ஊர்ல சொல்றேன். நாங்க போய்க் கேக்கிறோம்.”

அவர் யன்னல் படியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். “தெரியா தங்கச்சி” என்றார். தங்கச்சிக்கு முகம் சிவந்தது.

“தெரியாதா? இந்த யன்னலப் பாருங்க! கண்ணால தெரியுதே!”

“தூசி இரிக்கு. எங்கேருந்து வந்த, அதுக்குள்ள என்ன இரிக்கு எண்டு நான் அளக்கல்ல. அளக்காம நான் ஒண்ட சொன்னா, நாளைக்கு ஒருத்தன் வந்து இது உங்கட அடுப்புப் புகை எண்டு சொல்லுவான். அப்ப உங்ககிட்ட பதில் இரிக்கா?”

“அப்ப இங்க வந்து அளங்களேன்! மரத்துக்கு அளக்கிறீங்க, மனுஷனுக்கு அளக்க ஏலாதா?”

அந்தக் கேள்வி அவருக்குச் சுட்டது என்று நினைக்கிறேன். கோப்பையைக் கீழே வைத்தார். “அளக்கலாம் தங்கச்சி. இன்னும் ஒரே ஒரு முதல் மழை. மூணு வருஷமும் தூசி குறையாம வந்தா, ஆக்கள் இரிக்கிற ஊர்கள்ளயும் கருவி வைக்கிறதெண்டு கொழும்பில ஒத்துக்கொண்டிரிக்கிறாங்க. உங்கட பள்ளிக்கூடத்து மேல்மாடியில ஒண்டு. அந்த இடத்தக் குறிச்சுக் குடுத்தது நான்தான். கருவி வந்திட்டா புள்ள மூச்சு விடுற காத்தையே அளக்கலாம். அதுக்குப் பிறகு யாரும் அடுப்புப் புகை எண்டு சொல்ல ஏலா.”

முதல் மழை என்று அவர் சொன்னது, சோளகம் ஓய்ந்து ஐப்பசியில் விழுகிற முதல் பெருமழையை. நான்கைந்து மாதமாக இலைகளில் படிந்ததெல்லாம் அந்த ஒரே மழையில் இறங்கிவிடும். அந்த ஒன்பது போத்தல்களும் ஒரு வருஷத்துக் காற்றின் சாட்சி. அதற்குப் பிந்திய மழைகள் அந்த அளவுக்கு எதையும் சொல்லா.

என் மனதில் பேய் புகுந்தது அங்கேதான். அந்த வருஷம் சோளகம் பிந்தித் தொடங்கியது, மெலிவாகவும் அடித்தது. காட்டுக்குப் போகிற ஒவ்வொரு வியாழனும் நான் பாலை மரத்து இலையை விரலால் தடவிப் பார்ப்பேன். விரலில் ஒன்றும் ஒட்டாது. “இந்த முறை குறைவு போல காக்கா” என்றேன். “விரல் அளவுகோல் இல்ல தம்பி” என்றார். அவருக்குக் கவலையே இல்லை. குறைவாக வந்தால் குறைவு என்று எழுதிவிட்டுப் போகிற மனிதர். குறைவு என்று எழுதினால் கருவி வராது. கருவி வராவிட்டால் என் மருமகள் தாயின் தோளிலேயே இருந்து வளர வேண்டியதுதான். அவருக்கு எண் பெரிது, எனக்குப் பிள்ளை பெரிது. அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் ஒன்று என்று விளங்க எனக்குக் காலம் போயிற்று.

தங்கச்சி வீட்டு யன்னல் படிகளில் இருந்த தூசியை ஒரு காகிதத்தால் வழித்து, வெற்றுப் பால்மா டின் ஒன்றில் சேர்த்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், ஊரெல்லாம் பள்ளிவாசலில் இருக்கும்போது, காட்டுக்கு ஓட்டோவை விட்டேன். வயது வந்த நாளிலிருந்து நான் வேண்டுமென்றே விட்ட முதல் ஜும்ஆ அது. அப்போதும் ஓட்டோவை அரை மைல் முன்னால் நிறுத்திவிட்டு நடந்துதான் போனேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எட்டுப் புனல்களிலும் இரண்டு விரலால் எடுத்து ஒவ்வொரு சிட்டிகை தூவினேன். ஒன்பதாவதுக்குப் போனால், சேனைக்காரர் மண்வெட்டியோடு நிற்கிறார். அவர் சிங்களவர், அவருக்கு ஏது ஜும்ஆ? ஊரில் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்ட எனக்கு அது உறைக்கவில்லை. தண்ணீர் தந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பொய் எதையும் போடவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையான தூசி. என் மருமகளின் நெஞ்சுக்குள் போகிற அதே தூசி. இடத்தை மட்டும்தான் மாற்றினேன்.

நான்காம் நாள் மழை கொட்டியது. வியாழக்கிழமை ஒன்பது போத்தல்களையும் கொண்டுவந்து, டவுனில் ஆராய்ச்சிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் வைத்தோம். தண்ணீரை ஒவ்வொன்றாக வெள்ளை வடிதாளில் ஊற்றி வடிப்பார். தாளில் தங்குவதை ஒரு கண்ணாடி வில்லையால் பார்த்துவிட்டுக் காயவைப்பார். நான் வழக்கமாக வெளியே ஓட்டோவில் சாய்ந்து தூங்குகிற நேரம் அது. அன்று அறைக்குள்ளேயே நின்றேன். முதலாம் தாளைப் பார்த்தார். இரண்டாம் தாளைப் பார்த்தார். மூன்றாவதில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

“இங்க வா தம்பி” என்றார். வில்லையை என் கையில் தந்தார்.

கறுப்புத் தூசிக்கு நடுவே மினுங்குகிற மணல். அதில் அரிசிக் குறுணையைவிடச் சின்னதாக ஒரு சிப்பித் துண்டு. தங்கச்சியின் வாசல் மணல். கடற்கரை மணல். காற்று தூசியைக் காட்டுக்குக் கொண்டுபோகும், சிப்பியைக் கொண்டுபோகாது. அது எனக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கியது.

“எட்டிலயும் இரிக்குமா?” என்று கேட்டார்.

“ஓம் காக்கா.”

“ஒம்பதுல?”

“சேனக்காரர் நிண்டாரு.”

அவ்வளவுதான் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. நானாகவே உளறினேன். “பொய் போடல்ல காக்கா. தங்கச்சிட யன்னல்ல இருந்த தூசிதான். இந்த வருஷம் குறைவா வந்திரும் எண்டு பயந்திட்டேன். புள்ளய நெனச்சித்தான்…”

அவர் ஒன்பதாவது போத்தலை எடுத்தார். கை படாத போத்தல். அதை வடித்தார். போன இரண்டு வருஷத்து ஒன்பதாம் தாள்களையும் அலுமாரியிலிருந்து எடுத்து மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. இந்த வருஷத்துத் தாள்தான் மூன்றிலும் கூடுதல் கறுப்பு. நான் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் கிடந்திருந்தால் போதும். ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதிருந்தால் போதும்.

“இத மட்டும் அனுப்புங்க காக்கா. இது சுத்தம்தானே” என்றேன்.

“எட்டில கை பட்டிரிக்கு. ஒம்பதில படல்ல எண்டதுக்கு யாரு சாட்சி? நீயா?”

அவர் என்னோடு கதைத்த நாட்களில் என்னை வெட்டிய வார்த்தை இது ஒன்றுதான்.

நான் விடவில்லை. வெட்கம் கெட்டவனுக்கு வாய் அதிகம். “அப்ப அந்த மணலப் பொறுக்கி எறிஞ்சிட்டு எட்டையும் அனுப்புங்க. யாருக்குத் தெரியப் போகுது? கூடத்தான் வரும். கருவி வரும். புள்ளைக்கு நல்லதுதானே நடக்கும்.”

மேசையில் ஒரு சின்னச் சாமணம் கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். மூன்றாம் தாளிலிருந்து அந்தச் சிப்பித் துண்டைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வியர்வை அவர் தாடியில் இறங்கியது. அஸர் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தார். பிறகு அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“நம்பித் தந்த அமானிதம் தம்பி” என்றார். “அந்தப் புள்ளட அமானிதமும்தான்.”

கொப்பியைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் எழுதினார். எட்டுப் போத்தல்களிலும் வெளித் தூசி, மனிதக் கையால் போடப்பட்டது, பொறுப்பு என்னுடையது. கீழே கையெழுத்து. என் பெயரை எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யானையின் பெயரையே எழுதாமல் விடாதவர்.

கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். யார் செய்தது என்று அவரைக் கேட்டார்கள். “என்ட பொறுப்பில நடந்த” என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கடைசியில் அவர்தான் செய்துவிட்டுப் பிறகு பயந்து எழுதியிருக்கிறார் என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள். மூன்றாம் வருஷத்தில் கை வைத்தவர் முதல் இரண்டு வருஷத்திலும் வைத்திருக்கமாட்டார் என்று எப்படி நம்புவது? மூன்று வருஷத்துக் கணக்கும் செல்லாது என்றாயிற்று. புனல்களைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போதும் அறை வாசலில், ஓட்டோவில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் ‘நான்தான்’ என்று சொல்வதற்குப் பதினைந்து அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. பொலீசுக்குப் போவார்களோ என்று பயம், தங்கச்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

வேலை போன மறுநாள் காலை அவர் ஓட்டோ தரிப்பிடத்துக்கு வந்தார். “தங்கச்சி வீட்டுக்குப் போவம்” என்றார். சொல்லப் போகிறார், சொல்லட்டும், ஒரேயடியாய் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அவர் உட்காரவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். “கருவி வராது தங்கச்சி. முதல் மழைப் போத்தல் பழுதாப் போச்சு. என்ட பொறுப்பில இருந்தது. உங்களுக்கு வாக்குச் சொன்ன நான்தான் வந்து சொல்லணும்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாள். “பழுதாப் போனதா? மூணு வருஷமா போத்தலக் கழுவிக் கழுவி, கடைசியில பழுதாக்கிப் போட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லச் சொன்னா அளக்கல்ல எண்டீங்க. இப்ப அளந்ததையும் அழிச்சிப் போட்டீங்க. என்ட புள்ளட நெஞ்சத் தொட்டுப் பாருங்க, அந்தச் சத்தத்தக் கேட்டுப் பாருங்க!” பிள்ளையை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். பிள்ளை ஒன்றும் விளங்காமல் பம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. “அல்லா உங்களக் கேப்பான்!”

“ஓம் தங்கச்சி” என்றார். “கேப்பான்.”

என் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சொல்லியிருக்கமாட்டேன்.

திரும்பும்போது அவருடைய சந்தியில் இறங்கினார், ஸலாம் சொன்னார், போனார். சில மாதம் உப்பளத்தில் கூலிக்கு நின்றார் என்று கேள்விப்பட்டேன். அளக்கிற வேலை எதையும் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. பிறகு மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்னார்ப் பக்கம், வாப்பாவின் காணிக்கே போய்விட்டார். காணியில் எவ்வளவு மிச்சம் இருந்தது, அங்கே அவர் என்ன செய்கிறார், இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. தேடிப் போகிற முகம் எனக்கில்லை.

மருமகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. சோளகம் தொடங்கினால் பள்ளிக்கூடம் போகமாட்டாள். தங்கச்சி வீட்டுக்கு நான் கிழமைக்கு ஒருமுறை போவேன், மீனோ பழமோ வாங்கிக்கொண்டு. மகளுக்கு முட்டுக் கூடுகிற நாட்களில் தங்கச்சி தொழுது முடித்து, முஸல்லாப் பாயில் இருந்தபடியே இரண்டு கையையும் ஏந்தி, அந்தப் போத்தல்காரருக்குக் கேடு கேட்டுப் பதுவா செய்கிறாள். தன் பிள்ளை இழுக்கிறதைப் போல அவரும் மூச்சுக்கு இழுக்க வேண்டும், அவருடைய பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அழுது அழுது கேட்கிறாள். கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஆமீன் சொல்லுங்க நானா” என்கிறாள்.

சொல்கிறேன்.